மார்ஜார நியாயமும் எங்காத்துப் பூனையும்

(புனே கிளையின் மகளிர் பிரிவு மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகள் மேல்படிப்புக்கும் வேலைக்கும் வெளிநாடு கிளம்பும்போது நம்மிடம் விட்டுப்போகும் சாமான்களோடு இப்போது நாலு கால் ஜீவன்களும் சேர்ந்துவிட்டன. "உங்காத்துப் பூனையைப் பற்றிப் பேசுங்களேன்" என்று காரியதரிசி மாமி கேட்டார். "பேச என்ன இருக்கிறது, அது என்னோடு பேசுவதே இல்லையே" என்றேன். "அதைத்தான் பேசச் சொல்கிறேன்" என்றார். அதனால் வந்து நிற்கிறேன்.

எங்கள் பிள்ளை 2021 மழைக்காலத்தில், கீழே பார்க்கிங்கில் ஸ்கூட்டருக்கு அடியில் ஒடுங்கிக்கிடந்த ஒரு குட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். மூன்று மாதம் இருக்கும் என்றார் டாக்டர். வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று நிறம். இப்படி மூன்று நிறம் கொண்ட பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்தான், இதுவும் பெண். நிறத்தைப் பார்த்துப் 'பொடி' என்று பெயர் வைத்தான். மிளகாய்ப்பொடி என்பதன் சுருக்கம். குணமும் அதுவே என்பது போகப் போகத் தெரிந்தது. வந்த அன்றே இரண்டு கண்ணிலும் பீளை, மூக்கடைப்பு, ஓயாத தும்மல். ஒரு வருஷம் அவன் அறையிலேயே வளர்ந்தது. 2022 செப்டம்பரில் அவன் ஜெர்மனி போனான். பொடி எங்கள் பொறுப்பாயிற்று.

அவன் போனபின் மூன்று மாதம் அது அலமாரியின் கீழ்த்தட்டை விட்டு வரவில்லை. நாங்கள் தூங்கியபின் வந்து சாப்பிடும். கையை நீட்டினால் சீறும். மாதத்துக்கு ஒருமுறை ஜலதோஷம், கண் வீக்கம். பிறகு ஈறில் புண். டாக்டரிடம் கொண்டுபோகக் கூடையில் அடைப்பதற்குள் அரைமணி நேரம் யுத்தம். என் முன்கையில் இரண்டு தழும்பு இன்னும் இருக்கிறது. பிள்ளை போன் பண்ணினால் முதலில் பொடி எப்படி இருக்கிறது என்று கேட்பான்; பிறகுதான் அப்பாவின் முழங்கால்.

ஒரு நாள் எங்காத்து மாமா, "யாராவது நல்ல மனுஷாள் கிடைத்தால் கொடுத்துவிடலாமே" என்றார். நியாயமான யோசனைதான். விசாரித்தோம். குட்டி வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். வளர்ந்த பூனை, சீறுகிற பூனை, மருந்து சாப்பிடுகிற பூனை வேண்டும் என்பவர் ஒருவரும் இல்லை. காப்பகத்தில் பல பூனைகளுக்கு நடுவே இருக்க இதன் உடம்பு தாங்காது என்றார் டாக்டர். எங்களோடு அது ஒட்டுகிறதோ இல்லையோ, எங்களை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை என்பது அன்றைக்குத் தெளிவாயிற்று.

ஏன் ஒட்டவில்லை? டாக்டர் சொன்னதும் நான் படித்ததும் சேர்த்து மூன்று காரணம் சொல்கிறேன்.

முதலாவது, வயது. பூனைக்குட்டி மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்வது பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. அந்தக் காலத்தில் மனிதக் கை படாமல் வளர்ந்த குட்டிக்கு நாம் எல்லோரும் ஆயுசு முழுக்க அன்னியர்தான். பழகலாம், ஆனால் மெதுவாகத்தான் பழகும்.

இரண்டாவது, வலி. பூனை வலியை வெளியே காட்டாது. ஒளிந்துகொள்ளும், இல்லாவிட்டால் கடிக்கும். நாம் 'கோபக்காரப் பூனை' என்கிறோம். வாயில் புண்ணோ வயிற்றில் வேதனையோ இருக்கும். முன்பு நன்றாக இருந்த பூனை திடீரென்று முரடாக மாறினால் முதலில் பார்க்க வேண்டியது அதன் உடம்பைத்தான்.

மூன்றாவது, இந்த ஜலதோஷமே ஒரு சுழல். பூனைகளுக்கு வரும் ஹெர்ப்பிஸ் வைரஸ் ஒருமுறை வந்தால் பெரும்பாலும் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பில் பதுங்கியிருக்கும். வீடு மாறினாலோ, பழகின ஆள் போய்விட்டாலோ, தீபாவளி வெடிச்சத்தத்தில் பயந்தாலோ, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி கண்ணும் மூக்கும் ஒழுகும். பயத்தால் வியாதி, வியாதிக்கு மருந்து, மருந்து கொடுக்கப் பிடித்தால் மறுபடி பயம். எந்தக் கை சோறு போடுகிறதோ அதே கைதான் மாத்திரையும் திணிக்கிறது. அது யாரை நம்பும்?

ஆகவே எங்கள் முயற்சி எல்லாம் இந்தச் சுழலை எங்கே அறுப்பது என்பதில்தான். செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம்.

சோறு போடும் இடத்தையும் மருந்து கொடுக்கும் இடத்தையும் பிரித்தோம். மருந்து, கண் களிம்பு எல்லாம் பாத்ரூம் மேடையில், ஒரே நீலத் துண்டில் கொழுக்கட்டை மாதிரிச் சுற்றி, இரண்டு நிமிஷத்துக்குள். முடிந்ததும் அதற்குப் பிடித்த தீனி ஒரு துளி. மற்ற நேரத்தில் அந்தத் துண்டு அதன் கண்ணிலேயே படாது. மாத்திரை என்றால் பின்னாலேயே ஐந்து மில்லி தண்ணீர் ஊசியில்லாத சிரிஞ்சில் கொடுக்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும்.

டாக்டரிடம் கொண்டுபோகும் கூடையைப் பரணில் வைப்பதில்லை. வருஷம் முழுக்க ஹாலில் கதவு திறந்தபடி, உள்ளே பிள்ளையின் பழைய சட்டையோடு கிடக்கிறது. இப்போது பொடி அதில்தான் தூங்குகிறது. யுத்தம் பாதியாகக் குறைந்தது.

நம் ஒவ்வொருவர் ஆத்திலும் பெட்டி 23 கிலோவைத் தாண்டுகிறதா என்று பார்க்க ஒரு தொங்குதராசு இருக்குமே, அதில் வாரம் ஒருமுறை கூடையோடு எடை பார்க்கிறார் மாமா. கூடையின் எடையைக் கழித்து நாள்காட்டியில் எழுதுகிறார். எடை இறங்க ஆரம்பித்தால், சீக்கு வெளியே தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும்.

கண்ணோடு கண் உற்றுப் பார்ப்பதை நிறுத்தினோம். பூனைக்கு அது மிரட்டல். கண்ணைப் பாதி மூடி மெதுவாகத் திறந்தால் அது சமாதானம். 2020-ல் இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்துப் பார்த்து ஆய்வாகவே வெளியிட்டிருக்கிறார்கள். மாமா சோபாவில் உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டுவதைப் பார்த்து வேலைக்கார அம்மா முதலில் பயந்துபோனாள்.

அடுத்தது நம் வீடுகளுக்கே உரிய சங்கடம்: ஆகாரம். பூனை பிறவியிலேயே மாமிச பட்சிணி. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தயாரித்துக்கொள்ளாது. அது மாமிசத்திலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் பார்வை போகும் என்று 1970-களில் கண்டார்கள். இதயம் வீங்கிப் பழுதாகும் என்று 1987-ல் கண்டார்கள். தயிர்சாதம் போட்டால் பூனை சாப்பிடும். அதில் பிழைத்துக் கிடக்கலாம், வாழ முடியாது. பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்குதான் வரும்.

எங்காத்தில் மீன், கறி சமைத்ததில்லை, இனியும் இல்லை. கடையில் விற்கும் பூனை உணவை வாங்கி, பிள்ளையின் அறையில் தனித் தட்டு, தனிக் கரண்டி வைத்துப் போடுகிறோம். கையலம்பிவிட்டு என் மடிக் காரியங்களைப் பார்க்கிறேன். இதற்குச் சம்மதிக்க எனக்குச் சில வாரம் பிடித்தது. இது தங்கள் ஆசாரத்துக்கு ஒவ்வாது என்று நினைப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் பூனை வளர்க்காமல் இருப்பது நல்லது. வளர்த்துக்கொண்டே நம் ஆசாரத்தை அதன் மேல் சுமத்துவது அதற்கு இழைக்கும் ஹிம்சை.

கைவைத்தியமும் கூடாது. நமக்கு ஜலதோஷம் என்றால் எடுக்கும் யூக்கலிப்டஸ் தைலம், கற்பூரம் இரண்டுமே பூனைக்கு விஷம். பாரசிட்டமால் ஒரு மாத்திரை உயிரை எடுத்துவிடும். வெங்காயமும் பூண்டும் ரத்தத்தைக் கெடுக்கும். ஒரு முழு நாள் சாப்பிடாவிட்டாலோ, தூக்கத்தில் மூச்சு நிமிஷத்துக்கு 30-க்கு மேல் போனாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி ஒன்றும் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். நம்மைக் கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'வீட்டுப் பூனைதானே' என்று ரேபிஸ் விஷயத்தில் அலட்சியம் கூடாது.

இத்தனை செய்தும் பொடி ஒட்டிற்றா? மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மாதம் ஒருமுறை வந்த சீக்கு இப்போது வருஷத்துக்கு மூன்று நாலு முறைதான். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு நான் உட்காரும்போது ஒரு கை தூரத்தில் வந்து உட்காருகிறது. தாடைக்கு அடியில் நாலு வினாடி தடவலாம். ஐந்தாவது வினாடி கையை எடுத்துவிட வேண்டும். மடியில் ஏறியதில்லை. ஏறாமலே அதன் காலம் முடியலாம்.

இதை நினைக்கும்போது நம் பெரியவர்கள் சொன்ன மார்ஜார நியாயம் ஞாபகம் வருகிறது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். அது மர்க்கட நியாயம். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம். தாய்ப்பூனையே கவ்விக்கொண்டு போகும். சரணாகதியை விளக்க வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் எடுத்துச் சொல்வார்கள். சபையில் இரண்டு கலையாரும் இருக்கிறீர்கள். நானோ ஸ்மார்த்தக் குடும்பம், அந்த விவாதத்துக்குள் போக மாட்டேன். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இந்த நியாயத்தை எப்போதும் குட்டியின் பக்கத்திலிருந்தே கேட்டிருக்கிறோம்: சும்மா இரு, தாங்குவாள் என்று. தாங்குகிறவளின் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன? குட்டி பற்றிக்கொள்கிறதா, நன்றி காட்டுகிறதா என்று அவள் பார்ப்பதில்லை. தூக்க வேண்டியது அவள் காரியம், தூக்குகிறாள். குட்டியாவது உடம்பைத் தளர்த்திக்கொடுக்கும். தாயை இழந்து தெருவில் கிடந்த பொடி அதுவும் செய்யாது, நாலு காலாலும் உதைக்கும். அப்போதும் காரியம் காரியம்தான். பாசம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால் அது என்றைக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். பார்த்துக்கொண்டதில்தான் எனக்கும் கொஞ்சம் பாசம் வந்தது. அதற்கு என் மேல் வந்திருக்கிறதா என்று இப்போதெல்லாம் அவ்வளவாகக் கணக்குப் பார்ப்பதில்லை.

இந்தப் பொறுப்பு சட்டத்திலும் இருக்கிறது. ருக்மிணிதேவி அருண்டேலை நாம் கலாக்ஷேத்ராவுக்காகவே நினைக்கிறோம். ராஜ்யசபை உறுப்பினராக 1953-ல் மிருகவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவரும் அவர்தான். அதன் தொடர்ச்சியாகவே 1960-ல் அரசின் சட்டம் வந்தது. 1962-ல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. வளர்க்கும் பிராணியைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். 'மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும்' என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை பதினைந்து வருஷம் கூட இருக்கும். அறுபதைத் தாண்டிய நாம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நமக்கு ஆஸ்பத்திரி என்றால் யார் பார்த்துக்கொள்வார்கள், நமக்குப் பின் யார் என்பதைப் பிள்ளைகளோடு இப்போதே பேசி, டாக்டர் போன் நம்பர், தடுப்பூசித் தேதி, சாப்பாட்டு அளவு எல்லாம் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள். எங்காத்தில் ஒட்டியிருக்கிறது, எதிர் ஃபிளாட் மராத்திக் குடும்பத்துப் பெண்ணிடம் ஒரு சாவியும் இருக்கிறது.

இன்னொன்று பிள்ளைகளுக்கு. விசாவுக்கு விண்ணப்பிக்கும் அன்றே உங்கள் நாய், பூனைக்கும் சேர்த்து யோசியுங்கள். அப்பா அம்மாவிடம் விடுவதாக இருந்தால் ஆறு மாதம் முன்னாலேயே அவர்கள் கையால் சோறு போட வையுங்கள். செலவுக்கு மாதாமாதம் அனுப்புங்கள். எங்கள் பிள்ளை அனுப்புகிறான்.