மிஞ்சியது யாருடையது?



இரண்டு குடும்பங்கள் ஒரே அடுப்பில் உலை வைக்கத் தொடங்கினால், முதலில் எழுவது அம்மியைப் பற்றிய கேள்விதான். இரண்டு அம்மி, இரண்டு குத்துவிளக்கு, இரண்டு வீட்டுப் பாத்திரங்கள். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது? அற்ப விஷயம் போலத் தோன்றும். கிறிஸ்தவ விசுவாசத்துக்கு இதில் சொல்ல ஏதேனும் உண்டா என்பதே இன்றைய சிந்தனை.

ஊவா மலைத் தோட்டங்களில் இது பழைய கதை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவில் மகனுக்குக் கலியாணமானால், இஸ்தோப்பை மறைத்து இன்னொரு குடித்தனம் உண்டாகும். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தபோது, குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. 'அழுகைக் கோச்சி' ஏறி, தலைமன்னார் வழியே கப்பலுக்குப் போனவர்கள் கொண்டுபோக முடியாததை அயல் காம்பராக்களில் விட்டுப் போனார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களையே மூடியது. உயிர் தப்பிய குடும்பங்கள் பல, 2016இல் புதிய வீடுகள் கையளிக்கப்படும் வரை, மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் ஒன்றாக வாழ்ந்தன.

இந்த வாழ்க்கையைக் காட்டி, "ஆதித் திருச்சபை போல எல்லாம் பொதுவாயிற்று" என்று பிரசங்கிப்பது எளிது. ஆனால் அது நியாயமல்ல. பறிக்கப்பட்டவனிடம் துறவின் மேன்மையைப் பேசக்கூடாது. விட்டுக்கொடுக்க ஒன்று இருப்பவனுக்கே அந்தப் பிரசங்கம் உரியது.

ஆதித் திருச்சபையை நாம் பாதி மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். விசுவாசிகள் உடைமைகளை விற்று, தேவைக்கேற்பப் பகிர்ந்துகொண்டதை அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. சில அதிகாரங்களுக்குப் பின், ஆறாம் அதிகாரத்தில், அதே நூல் ஒரு முறைப்பாட்டையும் மறைக்காமல் சொல்கிறது. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாமற் போனார்கள். வீடுகள் இணைந்த இடத்திலும் குறைந்தது பலமில்லாதவரின் பங்குதான். அதைச் சீர்செய்யவே ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டார்கள்.

நம் வீடுகளிலும் இதுவே நடக்கிறது. தோட்டத்தில் வேலை முடிந்து, துணையை இழந்த தாய், பதுளை நகரிலுள்ள மகன் வீட்டுக்கு வருகிறாள். அவளுடைய டிரங்குப் பெட்டியும் கரிபிடித்த பானையும் உடனே 'மிகுதிப் பொருள்' ஆகிவிடுகின்றன. வீட்டுக்காரனின் பொருளை யாரும் மிகுதி என்பதில்லை.

என் தகப்பனார் மறைந்தபின் தாயார் எங்களோடு வந்தபோது, அவருடைய அம்மி லொறியில் வந்திறங்கியது. குசினியில் ஒன்றுக்குத்தான் இடம். என் மனைவி, தான் சீதனமாகக் கொண்டுவந்த அம்மியை அயல்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மாமியாரின் அம்மியை யன்னலோரம் வைத்தாள். அடுத்த நாள் காலையில் தாயார் யாரையும் கேளாமல் சம்பல் அரைத்தார். அன்றுதான் அவர் விருந்தாளி நிலை நீங்கி வீட்டு மனுஷியானார் என்று எனக்குப் பட்டது. நகோமியின் கைம்மையைத் தன் பொறுப்பாக ஏற்ற ரூத்தை நான் அன்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கவேண்டுமென யோவான் ஸ்நானகன் போதித்ததை லூக்கா எழுதுகிறார். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியார், பெட்டியில் பூட்டிய உடை உடையற்றவனுக்கே சொந்தமானது என்ற கருத்தில் கண்டித்துப் பேசினார். மிகுதிக்கு ஏற்கெனவே ஓர் உரிமையாளர் உண்டு என்பதே இருவரின் கருத்து.

இதனை நம் மாகாணத்திலேயே வாழ்ந்து காட்டியவர் மைக்கல் ரொட்றிகோ அடிகள். பெரும் கல்விப் பட்டங்கள் பெற்ற அந்தக் குரு, 1980இல் புத்தளைக்கு அருகே அலுக்கலவிட்டையில், பௌத்த விவசாயிகளிடையே எளிய குடிலில் குடியேறினார். 1987 நவம்பர் 10ஆம் திகதி, திருப்பலி வேளையில் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

எல்லோரும் அவ்வளவு தூரம் போக இயலாது. ஆனால் குடும்பங்கள் ஒன்றுசேரும் நாளில், எது மிகுதி என்ற கணக்கை வந்தவரின் மூட்டையில் தொடங்காமல், நம் அலுமாரியில் தொடங்கலாம். தம்மை வெறுமையாக்கியவரைப் பின்பற்றுகிறோம் என்பவர்களுக்கு இது பெரிய பாரமல்ல.