ஊரைத் திட்டம் போடுவது யார்?

(அம்பத்தூரில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச வந்த விஷயம் சாமியைப் பற்றியதல்ல, சாஸ்திரத்தைப் பற்றியதுமல்ல. ஆகையால் சிலருக்கு ருசியில்லாமல் இருக்கலாம். நம் தெரு எப்படி இருக்க வேண்டும், மழைத் தண்ணீர் எந்த வழியாய்ப் போக வேண்டும், பட்டணத்துக் குப்பை யார் ஊரில் கொட்டப்பட வேண்டும் என்பவைகளை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

அம்பத்தூருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், 51 அம்மன் கோயில்களில் இது 51வது, அதனால் ஐம்பத்தொன்றாம் ஊர் என்று ஒரு கதை சொல்லுகிறார்கள். அந்தக் கணக்கை எண்ணிப் பார்த்தவன் யார் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் நிஜமாக எண்ணிப் பார்க்கக்கூடிய கணக்குகள் இங்கே ஏராளமாய் இருக்கின்றன. 1964ல் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தொழிற்பேட்டை ஏற்பட்டது. எத்தனை வயல் போயிற்று, எத்தனை கால்வாய் தூர்ந்தது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அந்த வேலை எந்த ஜாதியாருக்கு எந்தப் படியில் கிடைத்தது என்பவையெல்லாம் எண்ணக்கூடிய கணக்குகளே. அம்மன் கணக்கைச் சொல்ல ஆள் இருக்கிறது, இந்தக் கணக்கைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

பக்கத்திலிருக்கும் ஆவடியைப் பாருங்கள். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை அங்கே கூடி, இந்த நாட்டில் சோஷலிச மாதிரியான சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்ட ஊருக்கு 1961ல் டாங்கித் தொழிற்சாலை வந்தது. நல்ல காரியந்தான். ஆனால் அந்தத் தீர்மானத்தில் சொன்ன சமுதாயம் ஆவடிக்கு எப்போது வரும் என்று இன்னும் யாரும் தேதி சொல்லவில்லை.

நகரத்தைத் திட்டம் போட்டுக் கட்டுவது என்பது நமக்குப் புதிதல்ல. 1915 வாக்கில் பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் சென்னைக்கு வந்து ஒரு கண்காட்சி வைத்தார். இந்த மாகாணத்துப் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கையும் எழுதினார். அவருடைய கொள்கை என்னவென்றால், முதலில் ஊரை நன்றாய்ப் பார், அங்கே ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள், பிறகு பிளான் போடு என்பதாகும். தெருக்களை மொத்தமாய் இடித்துத் தள்ளி நேர்கோடு இழுப்பதை அவர் ஒப்பவில்லை. பிறகு 1920ல் சென்னை நகர நிர்மாணச் சட்டம் வந்தது. 1971ல் இன்னொரு சட்டம் வந்தது. 1975ல் சென்னைப் பெருநகருக்கு முதல் பெருந்திட்டம், 2008ல் இரண்டாவது பெருந்திட்டம். இந்த இரண்டாவதில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அடக்கம். அப்போது பெருநகரின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். 2022ல் அதை 5,904 சதுர கிலோமீட்டராய் விரித்துவிட்டார்கள். 2046 வரைக்குமான மூன்றாவது திட்டத்துக்கும் வேலை துவங்கி, ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கும் கூட்டங்களும் நடந்தன.

இங்கே இருப்பவர்களை ஒன்று கேட்கிறோம். 2008ன் திட்டத்தில் உங்கள் வீட்டு மனைக்கு என்ன நிறம் பூசியிருக்கிறது என்று பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். (சிரிப்பு) பரவாயில்லை, ஜாதகத்தைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் இதைவிட அதிகம் தூக்கியிருப்பீர்கள். (சிரிப்பு) மனை வாங்குகிறவன் வாஸ்து பார்க்கிறான். ஈசான்ய மூலை எது, குபேர மூலை எது என்று பார்க்கிறான். அந்த மனை ஏரியின் கலங்கல் வாய்க்காலில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை.

அப்படிப் பார்க்காததன் பலனை 2015ல் கண்டோம். பூந்தமல்லிக்கு அப்பால் உள்ள செம்பரம்பாக்கம் ஏரி 3,645 மில்லியன் கன அடி கொள்ளும். அந்த டிசம்பர் 1ந் தேதி இரவு அதிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்து விடப்பட்டது. அடையாற்றின் கரையெல்லாம் முழுகிற்று. மதுராந்தகத்தில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு நின்று ஏரிக்கரையைக் காத்தார்கள் என்று இன்றும் கதை சொல்லுகிறவர்கள், செம்பரம்பாக்கத்தில் அன்றிரவு ராமர் ஏன் வரவில்லை என்பதற்குச் சமாதானம் சொல்வதில்லை. வேண்டியிருந்தது ராமரல்ல. தண்ணீரை எப்போது, எவ்வளவு, யாருக்கு முன்னறிவிப்புச் செய்து திறப்பது என்ற ஏற்பாடும், தண்ணீர் போகிற வழியில் வீடும் கட்டிடமும் எழும்பாதபடி தடுக்கும் திட்டமும்தான் வேண்டியிருந்தன.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து ரெட்டேரிக்கு என்று ஒன்றுக்கொன்று தொடர்ச்சியாய் ஏரிகளை வெட்டி வைத்தார்கள் நம் முன்னோர்கள். அவர்கள் படிக்காத குடியானவர்கள். படித்தவர்களாகிய நாம் அந்தத் தொடர்ச்சியில் சாக்கடையை விட்டோம். கொரட்டூர் வாசிகள் இதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. ஒரு மக்கள் இயக்கம் கூட்டி, ஏரிக்கரையில் நின்று, பசுமைத் தீர்ப்பாயம் வரையில் போய் வழக்காடினார்கள். அவர்கள் பூசை போடவில்லை, மனுப் போட்டார்கள். அதைத்தான் நாம் பாராட்டுகிறோம்.

இனி, ஊர் ஜனங்களே திட்டம் போட்ட ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். அது அமெரிக்காவில் நடந்ததல்ல. பூந்தமல்லி ஒன்றியத்தைச் சேர்ந்த குத்தம்பாக்கத்தில் நடந்தது. 1994ல் ஊராட்சிச் சட்டம் வந்து, 1996ல் தேர்தல் நடந்தபோது, ரெங்கசாமி இளங்கோ என்பவர் தலைவரானார். ஆதிதிராவிட வகுப்பில் பிறந்து, ரசாயன எஞ்சினீயர் படிப்புப் படித்து, நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். அந்த ஊரில் அப்போது கள்ளச்சாராயம் காய்ச்சுவது ஒரு பெரிய தொழில். சேரிக்கும் ஊருக்கும் சண்டை வேறு. அவர் கிராம சபையைக் கூட்டி, இந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று ஜனங்களையே சொல்லச் செய்து, ஐந்து வருஷத்துக்குத் திட்டம் எழுதினார்.

சாக்கடைக் கால்வாய் கட்டவேண்டி வந்தது. பக்கத்துக் கருங்கல் தொழிற்சாலைகளில் அறுத்துக் கழித்துப் போட்ட கல் துண்டுகள் கிடந்தன. அவைகளைக் கொண்டு கட்டினால் பணம் மிச்சம், கூலியும் ஊராருக்கே போய்ச் சேரும் என்று அப்படியே கட்டினார்கள். மதிப்பீட்டில் இல்லாத கல்லைப் போட்டாய் என்று தலைவர் மேல் குற்றம் வந்தது. பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். ஊர் என்ன செய்தது? கிராம சபை கூடிக் கணக்கை ஜனங்கள் முன் வைத்துப் பார்த்தது, அவர் பக்கம் நின்றது. அவரும் பதவிக்குத் திரும்பி வந்தார். 2001ல் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதைவிட நமக்கு முக்கியமானது வேறொன்று. அந்த ஊரில் 50 இரட்டை வீடுகள் கட்டினார்கள். ஒரே சுவருக்கு இந்தப்புறம் ஓர் ஆதிதிராவிடர் குடும்பம், அந்தப்புறம் வேறு ஜாதிக் குடும்பம். ஊரிலேயே மண்ணை அழுத்திச் செய்த கல், ஊராரே செய்த வேலை. பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டத்தைச் சேர்ந்ததாக அது ஏற்பட்டது. அந்தத் திட்டத்தின்படி ஒவ்வொரு சமத்துவபுரத்திலும் 100 வீடுகள். அதில் 40 ஆதிதிராவிடர்க்கு, 25 பிற்பட்டோர்க்கு, 25 மிகவும் பிற்பட்டோர்க்கு, 10 மற்றவர்க்கு. நாம் கேட்பது, இதற்குப் பெயர் நகர நிர்மாணமா அல்லவா என்பதுதான். ரோடு எங்கே போகிறது என்பது மட்டும் பிளான் அல்ல. யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதும் பிளான்தான். ஆயிரம் வருஷமாய் அந்தப் பிளானை மனு போட்டு வந்தான். இங்கே ஒரு கிராம சபை அதை மாற்றிப் போட்டது.

தோழர் இளங்கோ காந்தியாரின் கிராம சுயராஜ்யத்தில் நம்பிக்கையுள்ளவர். நமக்கு அதில் அபிப்பிராய பேதம் உண்டு. கிராமம் என்ற பேதமே ஒழிய வேண்டும், பட்டணத்தானுக்குள்ள சௌகரியமெல்லாம் பட்டிக்காட்டானுக்கும் வரவேண்டும் என்பது பெரியாரின் கொள்கை. அண்ணல் அம்பேத்கரும் 1948 நவம்பர் 4ந் தேதி அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் பெருமையாய்ப் பேசியவர்களுக்கு நல்ல சாட்டை கொடுத்தார். ஊராரே தீர்மானிக்கட்டும் என்று விட்டால் ஊரிலுள்ள மேல்ஜாதிக்காரன் தீர்மானிப்பதாகத்தானே முடியும் என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் குத்தம்பாக்கத்தில் தலைவராயிருந்தது யார், சபையில் அதிகம் இருந்தது யார் என்று பாருங்கள். தாழ்த்தப்பட்டவர்களும் பெண்களும் வந்து உட்கார்ந்து பேசாத சபை சபையல்ல, பழைய பஞ்சாயத்துத் திண்ணைதான். அவர்கள் பேசுகிற சபையாயிருந்தால் பட்டணத்துப் பிளானைவிட அது மேல் என்பதே நமது அபிப்பிராயம்.

அதே குத்தம்பாக்கத்தில் பட்டணத்துக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டத் திட்டம் போட்டபோது ஊரார் எதிர்த்துப் போராடினார்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் தண்ணீரைக் குடிக்கிறவர்களும் பட்டணத்தார்தானே! தான் குடிக்கிற தண்ணீருக்குப் பக்கத்தில் தன் குப்பையைக் கொட்டச் சொல்லும் பிளானை எந்தக் குடியானவனும் போட்டிருக்க மாட்டான். பிறகு அந்த வட்டாரத்தில் பெரிய பஸ் நிலையம் கட்டும் வேலை வந்தது. பூந்தமல்லிக்கு மெட்ரோ ரயில் பாதையும் வந்தது. வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கூவம் கரையிலிருந்து எழுப்பப்பட்ட ஏழைகளில் சிலரை அத்திப்பட்டுக்கும் கூடப்பாக்கத்துக்கும் கொண்டுவந்து அடுக்குமாடியில் வைத்தார்களே, அவர்கள் வேலைக்குப் போகிற பஸ், குழந்தைகள் படிக்கிற பள்ளிக்கூடம் இவைகளையும் அதே பிளானில் சேர்த்துப் போடுங்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1992ல் அரசியல் சட்டத்தில் செய்த 74வது திருத்தப்படி, பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள பெருநகரத்துக்கு ஒரு திட்டக் குழு வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல், நகரசபை அங்கத்தினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாய் இருக்க வேண்டும். அதாவது பிளானைப் போட வேண்டியது உத்தியோகஸ்தர் மட்டுமல்ல, உங்கள் ஓட்டு வாங்கினவர்களுந்தான். ஆனால் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை இந்த மாகாணத்து நகரசபைகள் ஒன்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினரே இல்லை. அம்பத்தூர் தனி நகராட்சியாயிருந்து 2011ல் சென்னைக் கார்ப்பொரேஷனில் சேர்ந்தது. ஆவடி 2019ல் தானே கார்ப்பொரேஷன் ஆயிற்று. அந்தஸ்து உயர்ந்த அந்த வருஷத்தில் ஆவடிக்குக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை! அதே காலத்தில் மலையாள நாட்டில் என்ன செய்தார்கள்? 1996லேயே திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவிகிதத்தை உள்ளூர்ச் சபைகளுக்குக் கொடுத்து, நீங்களே திட்டம் போடுங்கள் என்று விட்டார்கள். நம்மிலும் அவர்கள் எந்த விதத்தில் உசத்தி என்று நமக்குத் தெரியவில்லை.

இப்போது நமக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2022ல் வந்த விதிகளின்படி வார்டுக் குழுவும் பகுதி சபையும் ஏற்பட்டு, அந்த நவம்பர் 1ந் தேதி பகுதி சபைகள் கூடின. கிராமங்களில் வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. பெருந்திட்டத்தின் நகலை வெளியிட்டால், ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுக்கவேண்டுமென்று 1971ன் சட்டமே சொல்லுகிறது. அந்த நகல் தமிழில், நம் வார்டு ஆபீசில், கையால் தொட்டுப் பார்க்கும்படி இருக்கவேண்டும் என்று இப்போதே மனுக் கொடுங்கள். பகுதி சபைக்குப் போகும்போது உங்கள் தெருவை ஒரு தாளில் வரைந்துகொண்டு போங்கள். மழை நாளில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வாய்க்கால் மறைந்து போயிற்று, சேரிக்குக் குழாய் எதுவரைக்கும் வருகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். இதற்கு எஞ்சினீயர் படிப்புத் தேவையில்லை. அறுபது வயதுக் கிழவி ஒருத்திக்கு இந்த ஊர்த் தண்ணீர்ப் போக்கு எந்த உத்தியோகஸ்தரைவிடவும் நன்றாய்த் தெரியும். அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

நேரம் அதிகமாகிவிட்டது. கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டிய ஆவடித் தோழர்கள் எழுந்திருப்பது தெரிகிறது. மற்றவர்கள் ஏதாவது கேள்வி கேட்க விரும்பினால் தலைவரவர்கள் அனுமதியின் பேரில் கேட்கலாம். பதில் சொல்லத் தயாராய் இருக்கிறோம்.