வாக்குப்பெட்டிக்கு ஏழு மைல்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்க இளைஞர்களுக்குச் சனநாயகத்தின் மேல் இருந்த நம்பிக்கை தேய்ந்துகொண்டு வருகிறது. 2021 இறுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 18 முதல் 29 வயது வரையுள்ளவர்களிடம் கருத்துக் கேட்டது. நாட்டின் சனநாயகம் ஆரோக்கியமாக இருக்கிறது என்றவர்கள் நூற்றுக்கு 7 பேர். சிக்கலில் கிடக்கிறது அல்லது தோற்றே போய்விட்டது என்றவர்கள் 52 பேர். உடனே பெரியவங்க சொல்றாங்க, பசங்களுக்கு அக்கறை இல்லைன்னு. அக்கறையோட போனவங்களுக்கு என்ன நடந்ததுன்னு பார்ப்போம்.

டெக்சாஸ் மாநிலத்தில் வாலர் கவுண்டி. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. அங்கே பிரெய்ரி வியூ பல்கலைக்கழகம், 1876இல் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்டது. அது நிற்கிற மண், அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பண்ணை. 1971இல் 18 வயதுக்காரர்களுக்கு வாக்குரிமை வந்தது. வியட்நாமில் சாக அனுப்புற வயசு, ஓட்டுப் போடுற வயசு இல்லையான்னு கேட்டு வாங்கிய உரிமை அது. வாலரின் பதிவு அதிகாரி என்ன செய்தார்? தனக்கு முகம் தெரியாதவர்களிடம், அதாவது மாணவர்களிடம், ஒரு கேள்வித்தாளை நீட்டினார். இந்த ஊரில் சொத்து இருக்கா? வேலை இருக்கா? படிப்பு முடிஞ்சும் இங்கேயே இருப்பியா? 1979இல் உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது.

அத்தோடு முடியவில்லை. 2003இல் அரசு வழக்கறிஞர் ஒருவர், கல்லூரியில் தங்கிப் படிப்பதாலேயே இவர்கள் ஊர்க்காரர்கள் ஆகிவிடமாட்டார்கள் என்று கடிதம் எழுதினார். 2008இல் முன்கூட்டியே வாக்களிக்கும் மையம் ஹெம்ப்ஸ்டெட் ஊரில் மட்டும்தான் என்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஏழு மைலுக்கு மேல் நடந்தே போனார்கள். 2018இல் மறுபடியும் வழக்கு, அதே வளாகம், அதே முன்கூட்டிய வாக்குப்பதிவு. தாத்தா காலத்தில் வென்ற வழக்கைப் பேரப்பிள்ளைகள் திரும்ப நடத்த வேண்டியிருக்கு.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. 1965 வாக்குரிமைச் சட்டப்படி, நிறவெறி வரலாறுள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற மைய அரசிடமோ நீதிமன்றத்திடமோ முன் அனுமதி வாங்க வேண்டும். 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டைப் பிடுங்கிப் போட்டது. அனுமதி மறுக்கப்பட்டுக் கிடந்த அடையாள அட்டைச் சட்டத்தை டெக்சாஸ் அன்றைக்கே அமலாக்குவதாக அறிவித்தது. அந்தச் சட்டத்தில் துப்பாக்கி உரிமம் செல்லும். மாணவர் அட்டை செல்லாது!

இரண்டு கட்சிகளும் இப்படிப் பிளந்து நிற்பதுதான் நோய், முன்பெல்லாம் ஒற்றுமை இருந்ததுன்னு புலம்புறவங்க இருக்காங்க. எந்த ஒற்றுமை? 1877இல் இரு கட்சிகளும் சமரசம் பண்ணிக்கிட்டது. ஒருவருக்குக் குடியரசுத் தலைவர் பதவி, மற்றவருக்குத் தெற்கிலிருந்து கூட்டரசுப் படை விலகல். படை போனபின் கறுப்பின மக்களின் ஓட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, மரத்தில் தொங்கவிட்ட பிணங்கள். 1965 வரை கிட்டத்தட்ட 90 வருசம். அந்த ஓட்டு திரும்பி வந்ததும் தெற்கத்திய வெள்ளையர்கள் கூட்டங்கூட்டமாகக் குடியரசுக் கட்சிக்கு நகர்ந்தார்கள். இன்றைய பிளவின் வேர் பெருமளவு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. அவநம்பிக்கை எல்லாம் ஒன்றல்ல. 2021 சனவரி 6 அன்று நாடாளுமன்றத்துக்குள் உடைத்துக்கொண்டு புகுந்தவர்களும் தேர்தலை நம்பவில்லை என்றுதான் சொன்னார்கள். தோற்ற தேர்தலை மாற்றப் போனவங்க அவங்க. 2025இல் டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே சுமார் 1500 பேருக்கு மன்னிப்பு கிடைத்தது. ஓட்டுப் போட ஏழு மைல் நடந்தவனையும் இவர்களையும் ஒரே தட்டில் வைக்கிற கணக்கெடுப்பை நாம் கவனமாகத்தான் படிக்க வேண்டும்.

2023இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேர் செத்தார்கள். மாணவர்கள் சட்டமன்றத்தில் திரண்டார்கள். அவர்களுக்காக அவைக்குள் முழங்கிய உறுப்பினர்கள் மூவர். முப்பது வயதுகூட ஆகாத ஜஸ்டின் ஜோன்ஸ், ஜஸ்டின் பியர்சன் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்களையும் பெரும்பான்மைக் கட்சி அவையிலிருந்தே நீக்கியது. மூன்றாமவர் குளோரியா ஜான்சன் என்ற வெள்ளைப் பெண், ஒரே ஓட்டில் தப்பினார். தோலின் நிறம் காரணமாக இருக்கலாம் என்று அவரே சொன்னார். ஒரு வாரத்துக்குள் உள்ளூர் மன்றங்கள் அந்த இருவரையும் திருப்பி அனுப்பின. ஆகஸ்டு தேர்தலில் மக்களும் அவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். அதே மாதம் கூடிய சிறப்புக் கூட்டத்தொடர், மாணவர்கள் கேட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டை நிறைவேற்றாமலே கலைந்தது.