பூசணமும் அதனை வெல்லும் மருந்தும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் இசையும் நாடகமுமே இடம்பெறும். இவ்வாண்டு உடல்நலம் பற்றியும் ஓர் உரை வேண்டுமெனச் செயற்குழுவினர் பணித்தனர். நான் மருத்துவன் அல்லன். ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தன். ஆயினும், 2021ஆம் ஆண்டில் நாட்டையே கலங்கவைத்த ஒரு நோயையும், அதற்குரிய மருந்தையும் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை உங்கள்முன் வைக்கின்றேன்.

பூசணம் நமக்குப் புதியதன்று. ஈரக்கரண்டி பட்ட ஊறுகாயின்மேல் வெண்பஞ்சுபோல் படர்வதும், மழைக்காலத்தில் செருப்பிலும் தோற்பெட்டியிலும் பூப்பதும் அதுவே. ரொட்டியை உப்பவைக்கும் ஈஸ்டும் அவ்வினத்ததே. பூசணத்தின் நுண்வித்துக்கள் காற்றெங்கும் மிதக்கின்றன. நாள்தோறும் அவற்றை மூச்சோடு உள்ளிழுக்கின்றோம்; நம் உடலின் வெள்ளணுக்கள் அவற்றை அழித்துவிடுகின்றன. தேமல், படர்தாமரை, சேற்றுப்புண் ஆகியவை தோலோடு நின்றுவிடுபவை. ஆனால், காவல் தளர்ந்த உடலில் பூசணம் நுரையீரல், குருதி, மூளை என உள்ளே புகுந்துவிடும். நீரிழிவு கட்டுக்கடங்காதோர், புற்றுநோய்க்கு மருத்துவம் பெறுவோர், மாற்றுறுப்புப் பொருத்தப்பெற்றோர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோர்க்கே இவ்வபாயம் மிகுதி.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் பல இருக்க, உடலுக்குள் புகுந்த பூசணத்தைக் கொல்பவை ஏன் மிகச் சிலவாக இருக்கின்றன? பாக்டீரியாவின் அமைப்பு நம் உயிரணுவினின்று பெரிதும் வேறுபட்டது. பூசணமோ நம்மைப் போலவே உட்கரு உடைய உயிரணுக்களால் ஆனது. பகைவனும் வீட்டுக்காரனும் ஒரே உடை உடுத்தி இருட்டில் நின்றால், காவலன் யாரை அடிப்பான்? எனினும் இரண்டொரு வேற்றுமைகள் உண்டு. நம் உயிரணுவின் மெல்லுறையில் இருப்பது கொலஸ்டிரால். பூசணத்தின் மெல்லுறையில் இருப்பது எர்கோஸ்டிரால். அவ்வுறைக்கு வெளியே பூசணத்துக்குக் கெட்டியான சுவரும் உண்டு. நமக்கு அஃது இல்லை. இன்றுள்ள மருந்துகளுட் பெரும்பாலானவை இவ்விரண்டு இடங்களையே தாக்குகின்றன.

இத்துறையில் முதல் வெற்றி கண்டோர் இரு பெண்மணிகள். எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் அவ்விருவரும் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணியாற்றியவர்கள். முன்னவர் நியூயார்க் நகரில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்து அஞ்சலில் அனுப்புவார். பின்னவர் ஆல்பனி நகரில் அவற்றினின்று மருந்துப் பொருளைப் பிரித்து அஞ்சலிலேயே திருப்பி அனுப்புவார். பூசணத்தைக் கொன்ற பொருள்கள் பெரும்பாலும் சோதனை எலிகளையும் கொன்றன. இறுதியில், வர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் பண்ணை மண்ணிலிருந்து நிஸ்டாட்டின் கிடைத்தது. 1950இல் அதனை உலகுக்கு அறிவித்தனர். தம் மாநிலத்தின் பெயரையே அதற்குச் சூட்டினர். அதனால் வந்த பெரும் உரிமைத்தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, ஆராய்ச்சிக்கே அளித்தனர்.

நிஸ்டாட்டின் வாய்க்கும் குடலுக்கும் தோலுக்கும் உதவியதேயன்றி, ஊசிவழி உடலுக்குள் செலுத்தத்தக்கதாக இல்லை. அக்குறையைத் தீர்த்தது, அதே பத்தாண்டில் வெனிசுலா நாட்டு ஒரினோகோ ஆற்றுப்பகுதி மண்ணிலிருந்து கிடைத்த ஆம்போடெரிசின் பி. இஃது எர்கோஸ்டிராலைப் பற்றிக்கொண்டு பூசணத்தின் உறையைச் சிதைக்கும். ஆனால் நம் கொலஸ்டிராலையும் ஓரளவு பற்றும். ஆகவே குளிர்காய்ச்சல் வரும், சிறுநீரகம் கெடும், குருதியில் பொட்டாசியம் குறையும். கொழுப்புக் குமிழியில் பொதிந்து தரும் லைப்போசோமல் வகை 1990களில் வந்தபின் இத்தொல்லை குறைந்தது, விலையோ ஏறியது. எர்கோஸ்டிரால் உருவாவதையே தடுக்கும் புளூகோனசோல் 1990இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பூசணத்தின் சுவர் எழாமல் தடுக்கும் காஸ்போபஞ்சின் 2001இல் அங்கு ஒப்புதல் பெற்றது.

இனி 2021க்கு வருவோம். கொரோனாவின் இரண்டாம் அலையில் மியூகார்மைகோசிஸ் என்னும் நோய் பரவலாகக் கண்டது. அவ்வாண்டு ஜூலைக்குள் 45,000க்கு மேற்பட்டோரை அது பற்றியது. 4,300க்கு மேற்பட்டோர் மாண்டனர். மக்கள் அதனைக் கருப்புப் பூஞ்சை என்றனர். உண்மையில் பூஞ்சை கருப்பன்று. குருதிக்குழாய் அடைபட்டு இறந்த தசையே கறுக்கின்றது. இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதுமன்று. புளூகோனசோலும் காஸ்போபஞ்சினும் இதனிடம் செல்லா. ஆம்போடெரிசினே முதன்மை மருந்து. அதனோடு, அழுகிய தசையை அறுவையால் நீக்கவும் வேண்டும்.

அன்று நாடெங்கும் அம்மருந்துக்குத் தட்டுப்பாடு. என் அலுவலக நண்பர் ஒருவர் தம் தமையனாருக்காக மருந்துச் சீட்டைக் கையிற்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கினார். நான்காம் நாள் பழைய வகை மருந்து கிட்டியது. செவிலியர் அதனைக் குளுக்கோஸ் நீரில் கலந்து ஏற்றியபோது, “சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை நீரா?” என்று வீட்டார் பதறினர். உப்புநீரில் கலந்தால் அம்மருந்து திரிந்து படிந்துவிடும் என்றும், சர்க்கரையை இன்சுலினால் அடக்கிக்கொள்ளலாம் என்றும் அவ்வம்மையார் பொறுமையோடு விளக்கினார். தமையனார் உயிர் பிழைத்தார். ஒரு கண்ணை இழந்தார். முகத்தில் ஒருபுறம் மட்டும் வலி தோன்றியபோதே மருத்துவமனை சென்றிருப்பின் கண்ணும் தங்கியிருக்கலாம் என்பது மருத்துவர் கூறியது.

அன்பர்களே! இதனால் நாம் கொள்ளவேண்டியவை சில. மருத்துவர் எழுதித்தந்த ஸ்டீராய்டைச் சொன்ன நாளளவே உண்ணுங்கள். பக்கத்து வீட்டாருக்குக் கொடாதீர்கள். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் தாமே வாங்கிப் பூசாதீர்கள். அரிப்பு அடங்கும், பூசணம் அடங்காது. சர்க்கரை நோயுள்ளோர்க்கு ஒருபக்க முகவலி, கண்வீக்கம், மூக்கிலிருந்து கருநிற நீர், காரணமின்றிப் பல் ஆடுதல் ஆகியவை கண்டால், அன்றே மருத்துவமனை செல்லுங்கள். மறுநாள் வரை காத்திராதீர்கள்.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். மாதம் ஒருமுறை இதே மண்டபத்தில் குருதிச் சர்க்கரைச் சோதனைக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும். ஆம்போடெரிசின் அரிய மருந்தே. ஆயினும் சர்க்கரையை அடக்கி வைத்திருக்கும் வீட்டுக்கு அது தேவைப்படுதல் மிக அரிது. ஊரைவிட்டு வந்து ஒருவருக்கொருவர் உறவாக வாழும் நாம், இக்காவலையும் ஒருவருக்கொருவர் செய்துகொள்வோமாக.