பித்தும் பழியும்
(ஹட்டன் வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்து வாலிபர் மேடையிலே படக்கதை ஒன்றைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்றதும் பெரியோர் சிலர் முகம் சுளித்தனர். தேவாரமும் திருவாசகமும் ஒலிக்கும் இடத்திலே முகமூடி வீரனுக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆயினும் நம் பிள்ளைகள் எதை வாசிக்கின்றார்களோ, அதை நாமும் வாசித்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்லுவதன்றோ மூத்தோர் கடன்? வாசியாமல் விலக்குவது எளிது. வாசித்து விளக்குவதே அரிது.

பெரியோர்களும் தம் இளமையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டு முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்ட "இரும்புக்கை மாயாவி"யை அறியாதார் யார்? 1962இல் ஆங்கில வாரப் பத்திரிகை ஒன்றிலே பிறந்தவன் அந்த மாயாவி. பிறந்தபோது அவன் நல்லவன் அல்லன். ஆய்வுக்கூட விபத்திலே அறிவு திரிந்து குற்றங்கள் பல புரிந்தான். பின்னரே திருந்தி நன்மைக்கு உழைத்தான். ஆகவே கொடியவனின் மனத்துக்குள்ளே புகுந்து பார்க்கும் கதை நமக்குப் புதியதன்று.

இன்று நாம் எடுத்துக்கொண்ட நூல் "தி கில்லிங் ஜோக்" என்பது. 1988ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் ஆலன் மூர், சித்திரம் தீட்டியவர் பிரயன் போலண்ட், இருவரும் ஆங்கிலேயர். பேட்மன் என்னும் வௌவால் வீரனுக்கு 1940 முதல் பகைவனாக வரும் ஜோக்கரின் கதை இது.

அவன் முன்னாளில் யார்? சிரிக்க வைக்கத் தெரியாத ஓர் ஏழை விகடன். வீட்டிலே கர்ப்பிணி மனைவி, கையிலே காசில்லை. வறுமை தாங்காமல் ஒரே ஓர் இரவு திருடருக்கு வழிகாட்ட இசைகின்றான். அன்று பகலே மனைவி விபத்தில் இறந்த செய்தி வருகின்றது. அழுவதற்கும் விடாமல் திருடர்கள் அவனை இழுத்துச் செல்லுகின்றனர். அங்கே இரசாயனக் கழிவிலே விழுந்து, வெண்முகமும் பச்சை மயிரும் இரத்த நிற உதடுமாய் எழுகின்றான், சிரிக்கின்றான். அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. இத்தனைக்கும் அந்தப் பழங்கதை மெய்யா என்பதே அவனுக்கு நிச்சயமில்லை. தன் கடந்த காலம் தனக்கு ஒவ்வொரு வேளை ஒவ்வொரு விதமாய்த் தோன்றுகின்றது என்கின்றான்.

இவன் ஒரு சித்தாந்தம் பேசுகின்றான். எவ்வளவு நல்லவனானாலும் ஒரே ஒரு கெட்ட நாள் போதும், அவனும் தன்னைப் போல் ஆகிவிடுவான் என்பதே அது. அதனை நிரூபிக்கவென்று பொலிஸ் அதிகாரி கோர்டனின் மகள் பார்பராவைச் சுடுகின்றான். தந்தையைச் சிறைப்பிடித்து வதைக்கின்றான். ஆனால் கோர்டன் பித்தனாகவில்லை. அந்தக் கொடியவனையும் சட்டப்படியே பிடிக்க வேண்டும் என்று வௌவால் வீரனிடம் சொல்லுகின்றார்.

நண்பர்களே, ஜோக்கரின் சித்தாந்தத்தை உரைத்துப் பார்க்க நம் மலையகத்தைவிடச் சிறந்த உரைகல் உண்டோ? 1948இலே ஒரு சட்டம் வந்தது. நம்மவர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். 1964 அக்டோபரிலே இரண்டு அரசாங்கங்கள் கூடி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கிட்டன. மேலும் 150,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டது. அண்ணனை ஏற்றிச் சென்ற கோச்சியைப் பார்த்துத் தம்பி கதறியதும், அந்தக் கோச்சிக்கு "ஒப்பாரிக் கோச்சி" என்றே பெயர் வந்ததும் இங்குள்ள மூத்தோர் அறிவர். 2014 அக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. ஒரு கெட்ட நாளா? எத்தனை கெட்ட நாட்கள்! அப்படியிருந்தும் மறுநாள் காலையிலே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நம் தாய்மார் மலையேறினார்களேயன்றி, எவர் வீட்டுக்கும் தீ வைக்கவில்லை.

நம்மைக் காத்தது எது? காமன் கூத்தைப் பாருங்கள். மன்மதன் எரிந்தான். ரதிக்கு அதனினும் கெட்ட நாள் வேறில்லை. ஆனால் அவள் தனியே புலம்பவில்லை. தோட்டமே விழித்திருந்து அவளுடன் புலம்புகின்றது. ஜோக்கருக்கு வாய்க்காதது இதுவே. மனைவி செத்த அன்று அவன் தோளில் கை வைக்க ஒருவருமில்லை.

நூலின் குறையையும் சொல்லாமல் விடலாகாது. அதிலே பார்பராவின் துன்பம் ஆடவர் கதைக்கு ஒரு கருவியாகவே நின்றுவிடுகின்றது. ஆசிரியரே பின்னாளில் அதற்கு வருந்தியிருக்கின்றார். ஆனால் 1989 முதல் வேறு எழுத்தாளர்கள் அவளை மீட்டனர். நடக்கும் வலியிழந்த அந்தப் பெண், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, அறிவின் வலிமையால் வீரர்களுக்கு வழிகாட்டும் "ஆரக்கிள்" ஆனாள். ஜோக்கருக்குச் சரியான மறுமொழி அவளே.

இன்னுமொரு குறை உண்டு, அது நம்முடையதுங்கூட. இத்தகைய கதைகளிலே பைத்தியசாலை என்பது அரக்கர் குகை. பித்துற்றவன் என்றாலே கொலைஞன். நாமும் "அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள்" என்று சொல்லிச் சிரிக்கின்றோம் அல்லவா? அங்கொடையிலே இருப்பது தேசிய மனநல நிறுவனம். நோயாளர் குணம் பெறும் இடம். காய்ச்சல் வந்தவனைப் பார்த்துச் சிரிப்பவர் உண்டோ?

பித்து வேறு, பழி வேறு. சீத்தா எலியாவின் கதையை நாம் அறிவோம். இராவணன் நோயாளி அல்லன். வீடணன் சொன்னான், கும்பகருணன் சொன்னான், அறிந்தே மறுத்தான். அது பழி. பித்தோ நம் சமயத்திலே இகழ்ச்சிச் சொல்லே அன்று. திருவெண்ணெய்நல்லூரிலே சுந்தரர் கோபத்தால் "பித்தன்" என்று ஏசியபோது, அந்தச் சொல்லையே முதலாக வைத்துத் தன்னைப் பாடும்படி இறைவன் பணித்தான். நல்லூர்த் தேரடியிலே விசரன் என்று ஊரார் ஒதுக்கிய செல்லப்பா சுவாமியைத் தேடிச் சென்றவரே யோகர் சுவாமிகளாக உயர்ந்தார். இதனால் எல்லாப் பித்தும் ஞானம் என்று சொல்ல வந்தோமில்லை. பித்துற்றவனை இகழ நமக்கு உரிமையில்லை என்கின்றோம்.

வாலிபர்களே! உங்கள் லயத்திலே ஒருவன் சில நாளாகப் பிரட்டுக்கு வராமல், உண்ணாமல், உறங்காமல், தனக்குத் தானே பேசிக்கொண்டு இருக்கின்றானா? அவனைக் கேலி செய்யாதீர்கள். சாராயப் போத்தலிடம் ஒப்படைக்காதீர்கள். கோயிலிலே நூல் கட்டுங்கள். அத்துடன் நில்லாது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தைச் சங்க மண்டபத்துச் சுவரிலே பெரிதாக எழுதி வையுங்கள்.

கதையின் இறுதியிலே வௌவால் வீரன் ஜோக்கருக்கு உதவிக்கரம் நீட்டுகின்றான். காலம் கடந்துவிட்டது என்று அவன் மறுத்துவிடுகின்றான். நம் லயத்திலே ஒருவனுக்கேனும் காலம் கடந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே இச்சங்கத்தின் பணியாகுக.