பாட்டரி டிரில் மிஷின் வாங்கப் போகிறீர்களா?

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண் உரை)



மாடு வாங்கச் சந்தைக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? கொம்பில் பூசிய வர்ணத்தையும் கழுத்தில் கட்டிய சலங்கையையும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோமா? இல்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறோம். ஆனால் பாட்டரியில் ஓடும் டிரில் மிஷின் வாங்கும்போது மட்டும், பெட்டியின் மேல் இருக்கிற எழுத்தை அப்படியே நம்பிவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

"டிரில் மிஷின் தச்சருக்கும் கொத்தனாருக்கும் உள்ள சாமான், நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். பழனிமலைத் தோட்டங்களில் இதற்கு நிறைய வேலை இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் பி.வி.சி. கிளைக்குழாயில் துளை போடணும். பூண்டு வைக்கும் கொட்டகைக்குத் தகரம் முடுக்கணும். காட்டுமாடும் பன்றியும் வராமல் இருக்கப் போடும் வேலிக்குக் கம்பத்தில் துளை வேண்டும். மின்கம்பி வராத சரிவில் இதையெல்லாம் செய்யப் பாட்டரி மிஷின் நல்ல துணை.

பண்ணைக்காட்டுக்கு மேலே மலைவாழை போட்டிருக்கும் ஒரு விவசாயி, இப்படி ஒரு மிஷின் வாங்குவதற்கு முன் என்னிடம் யோசனை கேட்டார். நான் வேறு வேலை அவசரத்தில், "எல்லாம் ஒன்றுதாங்க, விலை பார்த்து வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் சமவெளிக்குப் போனபோது, 48 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றை மலிவாக வாங்கி வந்தார். கொஞ்ச நாள் ஓடியது. அடுத்த கோடையில், பாதிச் சரிவுக்குக் குழாய் இணைத்து முடிப்பதற்குள் பாட்டரி படுத்துவிட்டது. கடையில் கேட்டால், "அந்த மாடல் பாட்டரி இப்போ வர்றதில்லை" என்று சொல்லிவிட்டார்கள். மறு ஏற்பாடு செய்வதற்குள் மேல்சரிவில் வைத்த கன்றுகள் பாதிக்கு மேல் வாடிப்போயின.

"மிஷின் புதுசு மாதிரியே இருக்கு சார், பாட்டரிதான் செத்துப்போச்சு" என்றார் அவர். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று நான் சொல்லாமல் விட்டதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

பாட்டரியில் ஓடும் டிரில் மிஷினை முதன்முதலில் 1961-ல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1971-ல் அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் நிலவின் தரையில் துளை போட்டதும் பாட்டரி மிஷினால்தான். அந்தக் காலத்தில் கடையில் விற்ற மிஷின்களில் நிக்கல் காட்மியம் பாட்டரி இருந்தது. இப்போது வருவது பெரும்பாலும் லித்தியம் அயனி பாட்டரி. எடை குறைவு, சக்தி அதிகம்.

முதலில் வோல்ட் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். டார்ச் லைட்டில் செல்களை வரிசையாகப் போடுகிறோமே, அதே போலத்தான் இந்தப் பாட்டரிக்குள்ளும் செல்கள் இருக்கின்றன. ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட். ஐந்து செல் சேர்ந்தால் 18 வோல்ட். முழுசாகச் சார்ஜ் ஏறியதும் ஒரு செல் 4.2 வோல்ட் வரை போகும். அந்தக் கணக்கில் ஐந்து செல்லுக்கு 21 வரும். ஆகவே 18 என்று எழுதியதும், 20 என்று எழுதியதும், 21 என்று எழுதியதும் ஒரே சரக்குதான். 48, 88 என்று எண்ணைப் போட்டுப் பக்கத்தில் 'வி.எஃப்.' என்று எழுதி மலிவாக வரும் மிஷின்களைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலும் அதே ஐந்து செல்தான் உள்ளே இருக்கும். அந்த எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை ஆம்பியர் மணி சொல்லும். வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கினால் வாட் மணி வரும். 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 36 வாட் மணி. 4 ஆம்பியர் மணி என்றால் 72. இந்த எண்தான் பாட்டரி என்கிற தொட்டியின் கொள்ளளவு. இரண்டு மிஷின்களை ஒப்பிடும்போது இதை வைத்து ஒப்பிடுங்கள்.

எழுதியிருப்பது உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எடை போடுங்கள். பூண்டு மூட்டையை எடை போடாமல் வாங்குகிறோமா? 18 வோல்ட், 4 ஆம்பியர் மணி உள்ள பாட்டரி, கூட்டோடு சேர்த்து ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். கால் கிலோதான் தேறுகிறது என்றால் உள்ளே அவ்வளவு சரக்கு இல்லை. பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து மோட்டார். கார்பன் பிரஷ் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை. பிரஷ் இல்லாததைக் கடையில் 'பிரஷ்லெஸ்' என்பார்கள். விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் உராய்ந்து தேயும் பிரஷ் கிடையாது, சூடு குறைவு, அதே பாட்டரியில் அதிக நேரம் ஓடும். வருஷம் முழுக்க வேலை இருப்பவர்களுக்கு இதுதான் லாபம். குழாயில் துளை போடவும் தகரத்துக்குத் திருகாணி முடுக்கவும் மட்டும் என்றால் 12 வோல்ட் மிஷினே போதும். மரக்கம்பமும் இரும்புக் குழாயும் துளைக்கணும் என்றால் 18 வோல்ட் வேண்டும்.

மூன்றாவது, பழுது பார்க்கும் இடம். திண்டுக்கல்லிலோ மதுரையிலோ அந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் உண்டா, பாட்டரி தனியாகக் கிடைக்குமா, அதன் விலை என்ன என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். ரசீதும் உத்தரவாதச் சீட்டும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதே பாட்டரி அந்தக் கம்பெனியின் ரம்பத்துக்கும் தெளிப்பானுக்கும் பொருந்துமானால் இன்னும் நல்லது. ஒரே பெரிய பாட்டரிக்குப் பதில் இரண்டு சிறிய பாட்டரி வைத்துக்கொண்டால், ஒன்று வேலை செய்யும்போது மற்றது சார்ஜ் ஏறும். கரண்ட் போகிற மலைக்கு இது தோது.

இனி, பாட்டரியைக் காப்பாற்றும் விதம். நல்ல லித்தியம் பாட்டரி சுமார் 300 முதல் 500 முறை முழுசாகச் சார்ஜ் ஏற்றும் வரை நன்றாக உழைக்கும். அதற்குப் பகைவர்கள் இரண்டு பேர். ஒன்று சூடு, மற்றொன்று உறைகுளிர். நம் மலைக்காரர்களுக்கு இரண்டும் உண்டு. வத்தலக்குண்டு வெயிலில் ஜீப்புக்குள் பூட்டி வைத்தால் செல்லின் ஆயுள் குறையும். மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானல், மன்னவனூர் பக்கம் உறைபனி விழுகிறது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பாட்டரியைச் சார்ஜில் போட்டால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும். இரவில் கொட்டகையில் விடாமல் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். அதற்காக அடுப்பு ஓரத்தில் வைத்துவிடாதீர்கள்.

அடிமட்டம் வரை ஓட்டித் தீர்த்த பிறகுதான் சார்ஜ் போடணும் என்பது பழைய நிக்கல் பாட்டரிக்குச் சொன்னது. லித்தியத்துக்கு அது வேண்டாம், கெடுதலும்கூட. ரொம்ப நாள் வேலை இல்லை என்றால் பாதிச் சார்ஜில் எடுத்து வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும்போது தோளில் துண்டு தொங்க வேண்டாம், சுழலும் பிட்டில் சுற்றிக்கொள்ளும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கிளைக்குழாயில் துளை போட்டு முடித்ததும், கடைசி மூடியைத் திறந்து தண்ணீர் விட்டுப் பிசிறைக் கழுவுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பிசிறு சொட்டுவானை அடைக்கும்.

பாட்டரி ஆயுள் முடிந்துவிட்டால் குப்பைக் குழியில் போடாதீர்கள், தீப்பிடிக்கும். 2022-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, பழைய பாட்டரியைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. கடையில் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள். கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளிச்சத்துக்கு வந்து, 2001-ல் அது மூடப்பட்டதை நாம் மறக்கவில்லை. அது வேறு சரக்கு, இது வேறு சரக்கு. ஆனாலும் மலையில் போடுகிற குப்பை மலையோடு நிற்பதில்லை, தண்ணீரோடு கீழே இறங்கும்.

ஆகவே நண்பர்களே, மிஷினைப் பார்ப்பதற்கு முன் பாட்டரியைப் பாருங்கள். வாட் மணியைப் பெருக்கிப் பாருங்கள், தராசில் வைத்துப் பாருங்கள், மாற்றுப் பாட்டரி கிடைக்குமா என்று கேளுங்கள். அந்தப் பண்ணைக்காட்டு நண்பர் இரண்டாம் முறை வாங்கப் போனபோது நானும் கூடவே போனேன். கடைக்காரரிடம் அவர் முதலில் கேட்டது, "தராசு இருக்கா அண்ணே?" என்பதுதான்.