ஆமைத் தீவுகளுக்குக் கப்பலேறுவோம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



அறிவியல் பற்றி ஒரு கால்மணி நேரம் பேசவேண்டும் என்று தலைமையாசிரியர் பணித்தார். பாடம் நடத்தினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே இன்று உங்களைக் கப்பலில் ஏற்றப்போகிறேன். நான் அங்கே போய் வந்தவன் அல்லன். ஒரு வாரப் பயணத்துக்கு ஓர் ஆளுக்குச் சில ஆயிரம் அமெரிக்க டாலர் கேட்கிறார்கள். ஆனால் புத்தகத்தில் ஏறிப் போவதற்குக் கட்டணம் கிடையாது பாருங்கள், அந்தக் கப்பலில்தான் நாம் போகிறோம்.

தென்னமெரிக்காவில் எக்குவடோர் என்றொரு நாடு. பூமத்திய ரேகை அதன் வழியாகப் போவதால் அந்தப் பெயர். அந்நாட்டுக் கரையிலிருந்து பசிபிக் கடலில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் மேற்கே போனால் கலாபகோஸ் தீவுகள் வரும். கலாபகோ என்றால் ஸ்பானிய மொழியில் ஆமை. பெரிய தீவுகள் 13. சிறு தீவுகளும் பாறைகளும் இன்னும் நிறைய. எல்லாம் எரிமலை கக்கிப் பிறந்தவை.

எரிமலை எப்படித் தீவு செய்கிறது? அடுப்பு ஒன்று கடலுக்கு அடியில் நிலையாக எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேலே இருக்கும் பூமித் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் கிழக்கு நோக்கி நகருகிறது. அடுப்புக்கு மேலே வரும் இடம் பொங்கி, உயர்ந்து, தீவாகிறது. பிறகு அது நகர்ந்து போய்விட, அடுத்த தீவு பிறக்கிறது. அதனால்தான் கிழக்கே இருக்கும் எஸ்பான்யோலா தீவுக்கு முப்பது லட்சம் வயதுக்கு மேல். மேற்கே இருக்கும் பெர்னாண்டினா அதற்குப் பேத்தி மாதிரி. அடுப்பு இன்னும் அணையவில்லை. பெர்னாண்டினா எரிமலை 2024 மார்ச் மாதம் நெருப்புக் குழம்பை ஆறாக ஓடவிட்டது. கப்பலில் போனவர்கள் இரவில் நின்று அதைப் பார்த்தார்கள்.

நம் பாட்டன் பூட்டன்மாரும் கப்பலில் வந்தவர்கள்தாம். நாகப்பட்டினத்தில் ரஜுலா ஏறி, தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் பினாங்கில் இறங்கினார்கள். அந்தக் காலத்தில் நம்மவர்களை நேராகக் கரைக்கு விட்டார்களா? நோய் கொண்டுவந்திருப்பார்களோ என்று புலாவ் ஜெரெஜாக்கில் நிறுத்திவைத்துப் பார்த்த பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கலாபகோஸில் இன்று கோடீசுவரனுக்கும் சோதனை உண்டு. பெட்டியைத் திறந்து பழம் இருக்கிறதா, விதை இருக்கிறதா, செருப்பில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

சரி, ஏறிவிட்டோம். பெரும்பாலும் 16 பேர் போகும் சின்னக் கப்பல்கள். எவ்வளவு பெரிய கப்பலானாலும் பயணிகள் 100 பேரைத் தாண்டக்கூடாது. இரவில் கப்பல் ஓடும், பகலில் நங்கூரம் போடும். காலையில் பசியாறியதும் சம்பான் போன்ற ரப்பர் படகில் இறக்கிவிடுவார்கள். சில இடங்களில் பாறையில் கால் வைத்து ஏறலாம். சில இடங்களில் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு தண்ணீரில்தான் குதிக்கவேண்டும்.

கரையில் 16 பேருக்கு ஒரு வழிகாட்டி. அவர் சொல்கிற பாதையை விட்டு ஓரடி விலகக்கூடாது. எந்தப் பிராணியிடமும் 2 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. பாதையில் சாப்பிடக்கூடாது. ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக்கூடாது. ஒரு தீவில் இறக்கிய கப்பல் அதே இடத்துக்கு மறுபடி வர இரண்டு வாரம் ஆகவேண்டும். இவ்வளவு கட்டுப்பாடா என்று உங்களுக்குத் தோன்றும். நாம் 2 மீட்டர் விலகி நிற்கலாம். கடற்சிங்கக் குட்டிக்கு அந்தச் சட்டம் தெரியாதே! அது தவழ்ந்து வந்து உங்கள் காலணியை மோந்து பார்க்கும். கையைத் தூக்கிக்கொண்டு நீங்கள்தான் பின்னால் நகரவேண்டும்.

இந்தப் பிராணிகளுக்கு மனிதனைக் கண்டால் பயமில்லை. இந்தத் தீவுகள் எந்தக் காலத்திலும் பெருநிலத்தோடு ஒட்டியிருந்ததில்லை. பறந்து வந்தவையும், மிதந்து வந்த மரக்கட்டையைப் பற்றிக்கொண்டு வந்து சேர்ந்தவையும்தான் இங்கே குடியேறின. நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் எலியும் வௌவாலும் தவிர வேறொன்றும் தானாக வந்து சேரவில்லை. புலி இல்லை, நாய் இல்லை, நரி இல்லை. ஓடி ஒளிய வேண்டிய அவசியம் இல்லாமலே லட்சக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்துவிட்டன.

பெர்னாண்டினாவின் கருங்கல் கரையில் ஓணான் ஜாதிப் பிராணிகள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று படுத்து வெயில் காயும். உடும்பு அளவு இருக்கும். உலகத்தில் கடலுக்குள் முங்கிப் பாசி மேய்கிற ஓணான் இது ஒன்றுதான். விழுங்கிய உப்பை மூக்கு வழியாகத் தும்மித் தள்ளும். எதிர்க்காற்றில் நின்றால் உங்கள் முகத்தில் விழும்! எல் நினோ வந்து கடல் சூடேறினால் பாசி செத்துப்போகும். அப்போது இந்தப் பிராணி என்ன செய்கிறது தெரியுமா? மெலிவதோடு நிற்பதில்லை, உடம்பின் நீளமே குறைந்துவிடுகிறது. நல்ல காலம் வந்ததும் மறுபடி வளர்கிறது. பஞ்சத்தைத் தாண்டுவதற்கு இப்படியும் ஒரு வழி!

அதே கரையில் பறக்கத் தெரியாத நீர்க்காகம் நிற்கும். இறக்கை சூம்பிக் குட்டையாகிவிட்டது. தண்ணீருக்குள் முங்கி மீன் பிடிக்கப் பெரிய இறக்கை எதற்கு? குளிர் நாட்டுப் பெங்குவினும் இங்கே இருக்கிறது. ஆழத்திலிருந்து மேலே வரும் குளிர்ந்த நீரோட்டம் அதைப் பூமத்திய ரேகையிலும் வாழவைக்கிறது. எஸ்பான்யோலாவுக்குப் போனால் நீலச்சாயத்தில் தோய்த்தெடுத்தாற்போல் கால் உள்ள ஒரு பறவை. ஆண் பறவை தன் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிப் பெண்ணிடம் ஆட்டம் போடும். நீலம் பளிச்சென்று இருந்தால்தான் பெண் திரும்பிப் பார்க்கும்.

இந்தத் தீவுகளில் 1835-ஆம் ஆண்டு ஓர் இளைஞர் வந்து இறங்கினார். அவர்தான் சார்லஸ் டார்வின். அப்போது வயது 26. ஐந்து வாரம் இருந்து நான்கு தீவுகளில் இறங்கிப் பார்த்தார். ஆமையைப் பார்த்தே அது எந்தத் தீவுடையது என்று சொல்லிவிடலாம் என்று அங்கிருந்த அதிகாரி ஒருவர் அவரிடம் சொன்னார். சின்னச் சின்னக் குருவிகளையும் பிடித்துச் சேர்த்தார். ஆனால் எந்தக் குருவி எந்தத் தீவில் பிடித்தது என்று ஒழுங்காகச் சீட்டு எழுதிக் கட்டவில்லை! லண்டனுக்குப் போன பிறகு, 1837-இல் ஜான் கூல்ட் என்ற பறவை நிபுணர், "இவை எல்லாம் ஒரே குடும்பத்தில் வெவ்வேறு இனங்கள்" என்றதும், கப்பலில் உடன்வந்த மற்றவர்கள் பிடித்து வைத்திருந்த குருவிகளையும் வாங்கிப் பார்க்கவேண்டியதாயிற்று. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் அறிவியல் பயிற்சியில் தேதி எழுதாமல் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு டார்வின் ஞாபகம்தான் வரும்.

இதே சிந்தனையை இன்னொருவர் நம் பக்கத்திலிருந்து எட்டிப் பிடித்தார் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளவேண்டும். ஆல்பிரட் வாலஸ் 1854-இல் சிங்கப்பூர் வந்தார், மலாக்காவில் தங்கினார், குனோங் லேடாங் மலை ஏறினார், சரவாக்கில் இருந்தார். 1858-இல் எரிமலைத் தீவான தெர்னாத்தேயிலிருந்து தன் கருத்தை எழுதி டார்வினுக்கு அனுப்பினார். அவ்வாண்டு ஜூலை 1-ஆம் தேதி லண்டனில் இருவருடைய எழுத்தும் சேர்த்துப் படிக்கப்பட்டன. டார்வினுடைய பெரிய நூல் மறு ஆண்டு வந்தது. டார்வினை உலகமே தெரிந்து வைத்திருக்கிறது. நம் மலையில் ஏறியவரை நாம்கூடப் பேசுவதில்லை.

இதெல்லாம் பழைய கதை, இன்று கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார்கள். கிராண்ட் தம்பதியர் 1973-இல் டாப்னே மேஜர் என்ற குட்டித் தீவில் கூடாரம் போட்டு, குருவிகளின் காலில் வளையம் மாட்டி, அலகை அளந்துகொண்டு வந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்துபோய், கெட்டியான பெரிய விதைகள் மட்டும் மிஞ்சின. பெரும்பாலான குருவிகள் செத்தன. பிழைத்தவை பெரும்பாலும் பெரிய அலகு உள்ளவை. அடுத்த தலைமுறைக் குஞ்சுகளுக்கு அலகு சராசரியில் பெரிதாகவே இருந்தது.

இனி ஆமைக்கு வருவோம். நூறு வயதைத் தாண்டும் இந்தப் பிராணி சோறு தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதுவே அதற்கு எமனாகிவிட்டது. திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் உயிரோடு பிடித்துக் கப்பல் அடித்தட்டில் அடுக்கி, வேண்டும்போது வெட்டித் தின்றார்கள். அப்படிப் போனவை ஒரு லட்சத்துக்குக் குறையாது என்று கணக்கிடுகிறார்கள்.

ஆமையின் அடுத்த எதிரி ஆடு! ஆடு வளர்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், கேளுங்கள். பின்டா தீவில் 1959-இல் மீனவர்கள் மூன்றே மூன்று ஆடுகளை விட்டுப்போனார்கள். அவை பல்லாயிரமாகப் பெருகி, ஆமைக்கு ஒரு பச்சை இலை மிச்சம் வைக்கவில்லை. பின்டா இனத்தில் ஒரே ஓர் ஆண் ஆமை 1971-இல் கண்ணில் பட்டது. 'தனிமை ஜார்ஜ்' என்று பெயர் வைத்தார்கள். துணை தேடினார்கள், கிடைக்கவில்லை. 2012 ஜூன் 24-ஆம் தேதி ஜார்ஜ் செத்தது. அந்த இனமும் அதோடு முடிந்தது.

வேறு தீவுகளில் ஆட்டை ஒழிக்க 1997 முதல் 2006 வரை பெரும் வேலை நடந்தது. ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். மறைந்து வாழ்ந்த மிச்ச ஆடுகளைக் கண்டுபிடிக்க, ஓர் ஆட்டின் கழுத்தில் வானொலிக் கருவியைக் கட்டி அவிழ்த்துவிட்டார்கள். ஆடு தனியாக இருக்காது அல்லவா? கூட்டத்தைத் தேடிப் போய்ச் சேரும். பின்னாலேயே இவர்களும் போனார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் அழிந்தன. கேட்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எஸ்பான்யோலாவைப் பாருங்கள். 15 ஆமைதான் மிச்சம் இருந்தது. பெண் 12, ஆண் 3. அந்த மூன்றில் ஒன்று அமெரிக்க மிருகக்காட்சி சாலையிலிருந்து திரும்பி வந்த தியேகோ. ஆடுகளை அகற்றி, முட்டைகளைப் பொரிக்கவைத்து, ஏறக்குறைய 2,000 ஆமைகளைத் தீவில் விட்டார்கள். 2020-இல் அந்தப் பதினைந்து கிழங்களையும் தீவுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

பெட்டியைச் சோதிப்பது ஏன் என்று இப்போது விளங்கும். ஆடு மட்டுமல்ல, நம் லயத்துக் கொல்லையில் நிற்கிற கொய்யா மரமே அங்கே காடாகப் பரவி உள்ளூர்ச் செடிகளை விழுங்குகிறது.

மனிதர்களும் அங்கே இருக்கிறார்கள். ஏறக்குறைய 30,000 பேர். நிலத்தில் 97 விழுக்காடு 1959 முதல் தேசியப் பூங்கா. மிச்சம் மூன்று விழுக்காட்டில்தான் ஊர், தோட்டம், எல்லாம். கடலட்டை பிடிக்கக்கூடாது என்று தடை வந்தபோது மீனவர்கள் கொதித்தார்கள். கடலட்டை என்றால் நம் நாட்டில் காமாட் எண்ணெய் விற்கிறார்களே, அந்த ஜாதி. 1995-இல் டார்வின் ஆராய்ச்சி நிலையத்தையே முற்றுகையிட்டு, ஆமைகளைக் கொல்வோம் என்று மிரட்டினார்கள். ஆமை மீது அவர்களுக்கு என்ன பகை? ஆமைக்கு டாக்டர் வருகிறார், எங்கள் அடுப்பு எரியவில்லையே என்ற ஆத்திரம். வேலை போனால் வீடும் போகும் என்று தெரிந்த தோட்டத்து மக்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. அவர்கள் மிரட்டியது தப்பு. ஆனால் கேட்ட கேள்வி தப்பில்லை என்பதே என் எண்ணம்.

1998-இல் தனிச் சட்டம் வந்தது. கடலைக் காப்புப் பகுதியாக்கி, உள்ளூர் மீனவர்களைத் தவிரப் பெரிய மீன்பிடிக் கப்பல்களை வெளியே நிறுத்தினார்கள். வழிகாட்டி வேலை தீவில் குடியிருப்பவர்களுக்கே என்றும் ஆயிற்று. அப்பன் மீன் பிடித்த கடலில் மகளோ மகனோ பரீட்சை எழுதி, வேற்று மொழி கற்று, உலகத்துக்கே பாடம் சொல்லலாம். 2024 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டார் நுழைவுக் கட்டணம் 200 அமெரிக்க டாலர்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். இப்போது ஆண்டுக்கு மூன்று லட்சம் பேரளவில் வருகிறார்கள். அவர்களுக்குச் சோறும் டீசலும் கடல் தாண்டித்தான் வரவேண்டும். 2001 ஜனவரியில் ஜெசிக்கா என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டிக் கொட்டியது. அதில் ஒரு பங்கு உல்லாசக் கப்பலுக்குப் போகவேண்டிய எண்ணெய். பார்க்கப் போகிறவர்களின் காசு இல்லாமல் பூங்கா நடக்காது. அவர்கள் கூடக்கூடப் பூங்கா தாங்காது. இந்தக் கணக்கை இன்னும் யாரும் சரியாகப் போட்டு முடிக்கவில்லை.

ஒன்றே ஒன்று சொல்லி உட்காருகிறேன். பெர்னாண்டினாத் தீவில் 1906-இல் ஓர் ஆமையைப் பார்த்ததோடு சரி, அந்த இனம் அழிந்தது என்றே நூறு ஆண்டுகளாக எழுதி வைத்திருந்தார்கள். 2019 பிப்ரவரியில் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைக்கு நடுவே, கொஞ்சம் செடி மிஞ்சியிருந்த ஒரு துண்டு நிலத்தில், கிழட்டுப் பெண் ஆமை ஒன்று படுத்திருந்தது. மரபணுவைச் சோதித்து அதே இனம்தான் என்று உறுதி செய்தார்கள். பெர்னாண்டா என்று பெயர் வைத்துச் சாந்தா குரூஸ் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஒரு துணை அகப்படாதா என்று எரிமலைச் சரிவில் ஆட்கள் ஏறித் தேடினார்கள். அவர்கள் தேடியது ஆமையின் சாணத்தையும் கால்தடத்தையும்.

தலைமையாசிரியர் இரண்டாம் முறை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பிள்ளைகள் முதல் தடவையே பார்த்துவிட்டார்கள்.